அச்சில் வந்த ஃபேன்டஸி செட்டிங்கை ஆட்டக்காரர்கள் மாற்ற விடுவது எப்படி? கேம் மாஸ்டருக்கான முழுமையான வழிகாட்டி

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராக (கதாபாத்திரமாக) ஆடும் ரோல்பிளேயிங் கேம் பற்றியது இது. கதை நடக்கும் கற்பனை உலகம்தான் செட்டிங், அதை அச்சுப் புத்தகம் தருகிறது. ஆட்டத்தை நடத்துபவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். புத்தகத்தில் ஒரு நகரம், அதற்கு ஓர் ஆட்சியாளர். ஆட்டக்காரர்கள் அவரை இறக்கிவிடத் திட்டம் போடுகிறார்கள், திட்டமும் பலிக்கும்போல் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் கேம் மாஸ்டருக்குப் பயம் வருகிறது. இவர் போய்விட்டால் புத்தகத்தின் மிச்சப் பக்கங்கள் என்ன ஆகும்? அடுத்து வாங்கப்போகும் சாகசம் (அச்சில் வரும் ஆயத்தக் கதை) என்ன ஆகும்? கடைசியில் ஆட்சியாளர் ஏதோ ஒரு மந்திரத்தில் தப்பித்துவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் பெரிதாக எதையும் முயல்வதில்லை. கொடுத்த வேலையை முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இது நடக்காமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் ஐந்து படிகள் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தையவை. அவற்றைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஏழாவது படியில் திணறுகிறார்கள்.

அளவுகோல் ஒன்றே ஒன்று. ஆட்டக்காரர்கள் செய்த காரியத்தால், அடுத்த செஷனில் (அமர்வில்) அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் மாறியிருக்க வேண்டும். அரியணையில் வேறு ஆள், ஆனால் அதே வரி, அதே காவலர், அதே வேலைகள் என்றால் பெயர்தான் மாறியது, உலகம் மாறவில்லை.

தேவையானவை

செட்டிங்கின் முதன்மைப் புத்தகம் ஒன்று போதும். துணைப் புத்தகங்கள் குவிந்திருந்தால் நீங்கள் ஆட்டம் நடத்தப்போகும் வட்டாரத்தைப் பற்றிய ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வட்டார வரைபடத்தின் நகல் ஒன்று வேண்டும், பென்சிலில் எழுதி அழிக்கும்படியாக. கொஞ்சம் ஒட்டுத்தாள், ஒரு நோட்டுப் புத்தகம்.

ஆட்டம் குறைந்தது எட்டுப் பத்து செஷன் ஓடும் என்ற உறுதியும் இருக்க வேண்டும். ஒரு மாற்றத்தைச் செய்து முடிக்க ஒன்றிரண்டு செஷன் ஆகும், அதன் பலன் திரும்பி வந்து கதவைத் தட்ட இன்னும் இரண்டு ஆகும். ஒரே இரவில் முடியும் ஆட்டத்தில் இதையெல்லாம் செய்து பயனில்லை.

1. காலக்கோட்டை ஓரிடத்தில் வெட்டுங்கள்

முதல் வேலை, புத்தகம் எந்தத் தேதி வரை செல்லும் என்று தீர்மானிப்பது. பெரிய செட்டிங்குகளுக்கு ஒரே உண்மை கிடையாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் செட்டிங்குகளில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் முதல் பெட்டி (புத்தகங்களும் வரைபடங்களும் அடங்கியது) 1987-இல் வந்தது. 2008-இல் வந்த பதிப்பு, அந்த உலகத்தின் டேல் ஆண்டுக் கணக்கில் 1385-ஆம் ஆண்டில் மந்திரக் கட்டமைப்பே சிதைந்துபோனதாகச் சொல்லி, கதையை 1479-க்கு நகர்த்தியது. இடையில் 1451-இல் ஹோட்டனோ எரிமலை வெடித்து நெவர்விண்டர் நகரம் அழிந்தது. பழைய பெட்டியைப் படித்தவருக்கும் புதிய புத்தகத்தைப் படித்தவருக்கும் மனதில் இருப்பது இரண்டு வேறு நெவர்விண்டர்கள்.

அதே ஆட்டத்தின் இன்னொரு செட்டிங்கான எபெரான் இதற்கு நேர் எதிர். 2004-இல் வெளியானதிலிருந்து அதன் புத்தகங்கள் கதையை அந்த உலகத்தின் 998-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவைத்திருக்கின்றன. அதற்குப் பின் நடப்பதெல்லாம் மேஜையின் பொறுப்பு. முதல்முறை முயல்பவர்களுக்கு நான் சொல்வது இத்தகைய செட்டிங்கைத்தான், வெட்டும் வேலையைப் பதிப்பாளரே செய்து கொடுத்துவிட்டார்.

தேதியை முடிவு செய்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: “டேல் ஆண்டு 1479-இன் தொடக்கம் வரை புத்தகம் சொல்வது நடந்தது. அதன் பின் நடப்பது இந்த மேஜையில் நடப்பது மட்டுமே.” இதை ஆட்டக்காரர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள்.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டார்க் சன் என்ற பாலைவனச் செட்டிங் நல்ல உதாரணம். 1991-இல் வந்த முதல் பெட்டியில் சூனிய அரசர்கள் ஆளும் நகரங்கள் இருந்தன. அவர்களை வீழ்த்துவதுதான் எந்த ஆட்டக்காரருக்கும் முதலில் தோன்றும் ஆசை. ஆனால் அவர்களில் சிலரை நாவல்களின் நாயகர்களே வீழ்த்திவிட்டார்கள், 1995-இன் திருத்திய பெட்டி அதை வரலாறாகவே பதிவு செய்தது. புதிய புத்தகம் வந்ததும் மேஜையைத் திருத்த உட்கார்ந்த கேம் மாஸ்டர்கள், தங்கள் ஆட்டக்காரர்களின் சாதனையைத் தாங்களே அழித்தார்கள். வெட்டிய தேதிக்குப் பிறகு வரும் எந்தப் புத்தகமும் யோசனைகளின் களஞ்சியம்தான், சட்டம் இல்லை.

2. நிலத்தைச் சுருக்குங்கள்

கண்டம் முழுவதையும் திறந்துவிட்டால் எந்த மாற்றமும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஒரு நகரத்தையும் அதிலிருந்து மூன்று நாள் நடைதூரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் சாதாரண வேகத்தில் ஒரு நாள் பயணம் 24 மைல். அப்படியானால் மூன்று நாள் என்பது 72 மைல். வரைபட நகலில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள்.

இந்தத் தூரத்துக்குக் காரணம் உண்டு. வட்டத்துக்குள் எங்கே எது நடந்தாலும் ஒரு வாரத்துக்குள் ஆட்டக்காரர்கள் காதுக்கு எட்டும், அவர்கள் நேரில் போயும் பார்க்கலாம். தாங்கள் செய்ததன் விளைவைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டால், அது ஜி.எம். வாயால் சொன்ன செய்தியாகவே நின்றுவிடும்.

வட்டத்துக்குள் இருக்கும் அதிகார மையங்களை எண்ணுங்கள். ஐந்து முதல் ஏழு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் இரண்டை ஒன்றாகச் சேருங்கள் அல்லது இந்த ஆட்டத்தில் இல்லை என்று ஒதுக்குங்கள். ஏழுக்கு மேல் போனால், ஒவ்வொன்றும் அடுத்து என்ன செய்யும் என்று ஆட்டத்தின் நடுவில் உங்களால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

3. புத்தகத்தை மூன்றாகப் பிரியுங்கள்

பூட்டியவை, திறந்தவை, காலியானவை. நோட்டில் மூன்று பத்திகள் போதும்.

பூட்டியவை என்றால் மாறினால் நாம் ஆட வந்த ஆட்டமே வேறாகிவிடும் என்கிற விஷயங்கள். டார்க் சன்னில் உலோகம் அரிது, தண்ணீர் அரிது. எபெரானில் மந்திரம் தொழில்நுட்பம்போல் அன்றாட வாழ்வில் புழங்குகிறது. நீங்களாக மூன்றுக்கு மேல் பூட்டாதீர்கள். நான்காவதை எழுதக் கை போனால், அது உங்களுக்குப் பிடித்த என்.பி.சி.யாக (ஜி.எம். நடிக்கும் பாத்திரமாக) இருக்க வாய்ப்பு அதிகம்.

திறந்தவை: பட்டியல் வேண்டாம். பூட்டாதது எல்லாம் திறந்ததே. ஆட்சியாளர், கோயில், எல்லை, வணிகப் பாதை, பகை, உடன்படிக்கை எல்லாம் இதில் அடங்கும்.

காலியானவை: புத்தகம் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விட்ட இடங்கள். எபெரானில் 994-ஆம் ஆண்டு சைரே நாட்டைச் சாம்பல் மூடுபனிக்குள் அழித்த பேரழிவுக்குக் காரணம் என்ன என்பதை ஆசிரியர்கள் கூறவேயில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு நீங்களும் முன்கூட்டியே பதில் எழுதிவைக்காதீர்கள். ஓர் ஆட்டக்காரர் தன் கேரக்டரின் குடும்பக் கதையை அதோடு கோத்தால் பாதிப் பதில் அங்கிருந்தே கிடைக்கும்.

4. செஷன் ஜீரோவில் இரண்டு கேள்விகள்

செஷன் ஜீரோ என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் அமர்வு. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் தனித்தனியே கேளுங்கள். இந்த உலகத்தில் உங்களுக்கு எது இருந்தே ஆக வேண்டும்? எது மாறினால் மகிழ்வீர்கள்?

முதல் கேள்வியின் பதில்களைத் தலைக்கு ஒன்று என்று பூட்டியவற்றோடு சேருங்கள். அதை ஆட்டக்காரர்கள் மாற்றலாம், நீங்கள் மட்டும் தன்னிச்சையாகத் தொடக்கூடாது. இரண்டாம் கேள்வியின் பதில்கள்தான் உங்கள் கேம்பெய்னின், அதாவது பல செஷன் ஓடும் தொடர்கதையின், விதை. “அடிமை வியாபாரம் ஒழிய வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், அந்த வியாபாரத்தை நடத்தும் மையம் ஒன்று உங்கள் வட்டத்துக்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

சில மேஜைகளில் செட்டிங்கைக் கரைத்துக் குடித்த ஒருவர் இருப்பார். புத்தகம் எட்டாத மற்றவர்கள் அவர் முன் வாய் திறக்கத் தயங்குவார்கள். அவரை அடக்க முயல வேண்டாம், அவர் அந்த உலகத்தை நேசிப்பவர். ஒரு விதி போதும்: புத்தகத்திலிருந்து அவர் சொல்வது எதுவானாலும் அது அவருடைய கேரக்டர் கேள்விப்பட்டது. கேள்விப்பட்டது உண்மையாகவும் இருக்கலாம், பழைய செய்தியாகவும் இருக்கலாம். மற்றவர்களுக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், படிக்காதவர் துணிந்து எதையும் மாற்றவும் மாட்டார்.

5. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் தூண்களை எழுதுங்கள்

அதிக நேரம் கேட்கும் படி இதுதான். இதில் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் பிறகு திரும்பி வரும்.

புத்தகங்கள் ஓர் ஆட்சியாளரைப் பெரும்பாலும் லெவல் (திறன் நிலை), ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்), குணம், ரகசியம் என்று எழுதிவைக்கின்றன. ஹிட் பாயிண்ட் மட்டும் தெரிந்த ஆளை என்ன செய்ய முடியும்? கொல்லலாம், அவ்வளவுதான். அதனால்தான் பல மேஜைகளில் உலகத்தை மாற்றுவது என்றாலே கொலை என்று ஆகிவிடுகிறது. அந்த ஆள் எதன் மேல் நிற்கிறார் என்று எழுதினால், கொலை இல்லாமல் பத்து வழி பிறக்கும்.

நெவர்விண்டரை எடுத்துக்கொள்வோம். 1479-இல் அதன் காவல் பிரபு டாகல்ட் நெவரெம்பர். இவர் வாட்டர்டீப் என்ற இன்னொரு நகரத்தை ஆளும் வெளிப்படைப் பிரபுவும்கூட. எரிமலைக்குப் பின் நகரத்தை மீண்டும் கட்டிக்கொண்டிருக்கிறார். இவருடைய தூண்கள் மூன்று.

முதல் தூண் வாள். நகரத்தைக் காப்பவர்கள் மின்டார்ன் தீவிலிருந்து வந்த கூலிப்படையினர். அவர்களுக்கு ஊர்ப்பற்று கிடையாது, கூலி வரும்வரை நிற்பார்கள்.

இரண்டாம் தூண் பணம். அது வாட்டர்டீப்பில் அவருக்கு இருக்கும் பதவியையும் செல்வாக்கையும் நம்பி இருக்கிறது.

மூன்றாம் தூண் உரிமை. அழிந்துபோன பழைய அலகொண்டார் அரச வம்சத்தோடு தனக்கு ரத்த உறவு உண்டு என்கிறார். இதை ஏற்காத கிளர்ச்சிக்காரர்கள் ‘அலகொண்டாரின் மைந்தர்கள்’ என்ற பெயரில் இயங்குகிறார்கள், அவர்களுக்குள்ளும் இரண்டு பிரிவு.

இப்போது பாருங்கள். கூலிப்படையை விலைக்கு வாங்கலாம். வாட்டர்டீப்பில் அவர் பெயரைக் கெடுத்துப் பணத்தை நிறுத்தலாம். வம்சாவளியைப் பொய் என்று நிரூபிக்கலாம், அல்லது உண்மையான வாரிசு என்று ஒருவரை முன்னிறுத்தலாம். பேசத் தெரிந்த கேரக்டருக்கும் திருடத் தெரிந்த கேரக்டருக்கும் ஏட்டைப் புரட்டும் கேரக்டருக்கும் ஆளுக்கொரு வழி கிடைத்தது. இரண்டு தூண் விழுந்தால் ஆட்சி கவிழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால் ஆட்சி நிற்கும், ஆனால் நடத்தை மாறும்: பயந்தவர் வரியைக் கூட்டுவார், ஆட்களைச் சிறைபிடிப்பார்.

தூண்களோடு இன்னொரு வரியும் எழுதுங்கள்: இந்த அதிகாரம் எதைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது? நெவர்விண்டர் நகருக்குள்ளேயே எரிமலை வெடிப்பில் உண்டான பெரும் பிளவு இருக்கிறது. அதிலிருந்து உருக்குலைந்த விலங்குகள் ஏறி வருகின்றன. அவற்றைத் தடுக்கும் சுவரில் காவல் நிற்பது அதே மின்டார்ன் கூலிப்படைதான். இந்த ஒரு வரி இல்லையென்றால் ஆட்சிக் கவிழ்ப்புக்கு விலையே இருக்காது.

ஐந்து மையங்களுக்கும் இதே மாதிரி அரைப் பக்கம் எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

6. பெரிய என்.பி.சி.களை வழியிலிருந்து நகர்த்துங்கள்

ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் எல்மின்ஸ்டர் போன்ற மகா மந்திரவாதிகள் இருக்கிறார்கள். ஆட்டக்காரர் கேட்பது நியாயம்: “இவ்வளவு பெரிய ஆபத்து என்றால் அவர் ஏன் வரவில்லை?” இதற்குப் பதில் தயாராக இல்லையென்றால் ஆட்டக்காரர்களின் செயலுக்கு மதிப்பு போய்விடும்.

அவர்களைக் கொன்று தள்ளுவது சோம்பேறித்தனம், செட்டிங்கை நேசிப்பவர்களின் மனமும் புண்படும். எபெரானின் தீர்வைப் பாருங்கள். வெள்ளிச் சுடரின் திருச்சபைத் தலைவியான சிறுமி ஜேலா டாரனுக்குப் பெரும் சக்தி உண்டு, ஆனால் ஃபிளேம்கீப் நகரின் புனித இடத்தை விட்டு வெளியே வந்தால் அந்தச் சக்தி சுருங்கிவிடும். இதே மாதிரி ஒவ்வொரு பெரிய ஆளுக்கும் ஒரு கட்டு போடுங்கள். இடத்தோடு கட்டலாம், ஒரு சத்தியத்தோடு கட்டலாம், அவர் தலையிட்டால் அவருடைய எதிரியும் தலையிடுவான் என்ற சமநிலையோடு கட்டலாம். எந்தக் கட்டு என்பதை ஆட்டக்காரர்கள் ஒருமுறையாவது அறியும்படி செய்யுங்கள். “அவர் வேறு வேலையாக இருக்கிறார்” என்ற பதிலை இரண்டாம் முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

7. மாற்றம் நடக்கும் அந்த நேரம்

மேஜையில் ஓர் ஆட்டக்காரர் “நாங்கள் கூலிப்படைத் தளபதியோடு பேசி, படையைக் கப்பலேற்றி அனுப்பப் போகிறோம்” என்கிறார். பகடையைத் தொடுவதற்கு முன் மூன்று காரியம்.

முதலில் நோக்கத்தைத் திரும்பச் சொல்லுங்கள். “படை நகரத்தை விட்டே போக வேண்டும், நிரந்தரமாக. அதுதானே?” ஜி.எம். ஒன்றை நினைக்க ஆட்டக்காரர் வேறொன்றை நினைப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

அடுத்து, கேரக்டர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய விலையைச் சொல்லுங்கள். “சுவரில் நிற்பவர்களும் இவர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.” இதை மறைத்துவைத்துப் பிறகு தலையில் இறக்கினால் அது விளைவு ஆகாது, பொறி. அறிந்து கொடுக்கும் விலைக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது, திரும்ப முடியாத புள்ளி எது என்று சொல்லுங்கள். “கப்பல் கிளம்பிவிட்டால் இந்த ஆட்டத்தில் அவர்கள் திரும்ப வர மாட்டார்கள்.” இவ்வளவும் சொன்ன பிறகும் வேண்டும் என்றால் பகடை உருளட்டும்.

வெற்றி வந்துவிட்டால் வெற்றியைத் தொடாதீர்கள். புதிய ஜி.எம்.கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். “படை போய்விட்டது, ஆனால் நெவரெம்பர் முன்பே இன்னொரு படையை வரவழைத்திருந்தார்” என்று ஆட்டத்தின் நடுவில் கண்டுபிடிப்பது, கொடுத்ததைப் பிடுங்குவது. அந்த இரண்டாம் படை உங்கள் நோட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்து, அதைத் தெரிந்துகொள்ள ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருந்தால் மட்டுமே அது நியாயம்.

பதில் தெரியவில்லையா? அங்கேயே செஷனை நிறுத்துங்கள். “கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகர்கின்றன. அடுத்த வாரம் பார்ப்போம்.” யோசிக்க நேரம் எடுப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

8. விளைவுகளை எழுதுங்கள்

செஷன் முடிந்த மறுநாளைக்குள் எழுதிவிடுங்கள், நினைவு சூடாக இருக்கும்போதே. நான்கு விளைவு போதும். ஒன்று ஆட்டக்காரர்கள் விரும்பியது, குறையில்லாமல். ஒன்று அவர்கள் அறிந்து கொடுத்த விலை. ஒன்று வேறொரு மையத்தின் எதிர்வினை. கடைசி ஒன்று, யாரும் எதிர்பாராத நன்மை.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஆட்டக்காரர் எதைத் தொட்டாலும் கேடுதான் வரும் என்ற எண்ணம் மேஜையில் படிந்துவிடுகிறது.

நம் உதாரணத்தில்: படை போனதும் நெவரெம்பரின் கட்டளை நகரத்தில் செல்லவில்லை. பிளவைத் தடுக்கும் சுவர் ஆளின்றி நிற்கிறது. வடக்கே லஸ்கன் துறைமுகத்தின் தலைவர்கள், காவலற்ற நகரம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அறிகிறார்கள். எதிர்பாராத நன்மை: படைவீரர்களில் இருபது பேர் கப்பலேறவில்லை. இங்கேயே குடும்பம் ஆகிவிட்டது, சுவரில் நிற்கத் தயார், கேட்பது கூலி அல்ல, வீடு.

மெதுவாக வளரும் விளைவுகளுக்குக் கடிகாரம் போடுங்கள்: ஒரு வட்டம், நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டுகள். லஸ்கன் படையெடுப்பு எட்டுத் துண்டு. சுவர் உடைவது நான்கு. ஆட்டக்காரர் கவனிக்காத ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு துண்டை நிரப்புங்கள், அவர்கள் தலையிட்டால் ஒன்றிரண்டை அழியுங்கள். அவசரமானது நான்கு, தூரத்து ஆபத்து எட்டு என்பது கணக்கு. ஒரே சமயத்தில் மூன்று கடிகாரத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். நான்காவது ஓடும்போது ஆட்டக்காரர்கள் தீயணைப்பு வீரர்களாகிவிடுவார்கள், புதிதாக எதையும் தொடங்க அவர்களுக்கு மூச்சு இருக்காது.

9. மாற்றப் பதிவேடு

புத்தகத்தில் அந்த நகரத்தைப் பற்றிய பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி எண் மட்டும் எழுதுங்கள். விவரம் நோட்டில். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

எண் 3. டேல் ஆண்டு 1479, வசந்தம்.
புத்தகத்தில் இருந்தது: மின்டார்ன் கூலிப்படை நகரைக் காக்கிறது.
இப்போது உண்மை: படை போய்விட்டது. சுவரில் இருபது பழைய வீரர்களும் ஊர் இளைஞர்களும் முறை வைத்து நிற்கிறார்கள்.
செய்தவர்கள்: நான்கு கேரக்டர்களும், தளபதியோடு பேசியது பாடகி.
யாருக்குத் தெரியும்: நகரத்தில் வதந்தி. தளபதிக்கும் நெவரெம்பருக்கும் உண்மை.
மூடாத கேள்வி: இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்போவது யார்?

‘யாருக்குத் தெரியும்’ என்ற வரியை ஒருபோதும் விடாதீர்கள். புகழும் பகையும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. தளபதிக்கு முகம் தெரியும் என்பதால் பின்னொரு நாள் வேறு ஊரில் அவரைச் சந்திக்கும் காட்சி உங்களுக்குக் கிடைக்கிறது.

பதிவேட்டை ஆட்டக்காரர்கள் பார்க்கலாம், ரகசியமான வரிகளைத் தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் பெயர் உலகத்தின் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பவருக்கு வரும் துணிச்சலை வேறு எந்தப் பரிசாலும் தர முடியாது.

10. இரண்டு செஷனுக்குள் கண்ணில் காட்டுங்கள்

பதிவேட்டில் எழுதியது மேஜையில் தெரியாவிட்டால் நடக்காத மாதிரிதான். செஷன் தொடக்கத்தில் “நகரம் இப்போது மாறிவிட்டது” என்று சுருக்கம் வாசிப்பது பலன் தராது. ஓர் ஆள், ஒரு விலை, ஒரு வழி ஆகிய மூன்றின் மூலம் காட்டுங்கள்.

ஆள்: வாசலில் கவசம் தரித்த கூலிவீரன் நின்ற இடத்தில், தச்சரின் மகள் அளவுக்கு மீறிய ஈட்டியோடு நிற்கிறாள். கேரக்டர்களின் பெயரைக் கேட்டதும் நுழைவு வரியை வாங்க மறுக்கிறாள்.

விலை: சுவரை ஒட்டிய தெருவில் வாடகை பாதியாகியிருக்கிறது, அங்கே இரவில் தூங்க யாருக்கும் தைரியமில்லை.

வழி: முன்பு காவலர் மறித்த பாதை இப்போது திறந்திருக்கிறது. பிளவுக்குள் இறங்க இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மூன்றாவதுதான் மாற்றத்தின் உயிர். முதல் இரண்டும் காட்சி, அது வாய்ப்பு.

11. பிறகு வாங்கும் சாகசங்களை என்ன செய்வது?

வாங்கலாம், நடத்தலாம். படிக்கும்போது உங்கள் பதிவேட்டோடு மோதும் ஒவ்வொரு இடத்திலும் அந்த என்.பி.சி. கதையில் செய்யும் வேலை என்ன என்று ஓரத்தில் எழுதுங்கள். வேலை கொடுப்பவரா, பணம் கொடுப்பவரா, தடையா, ரகசியத்தை வைத்திருப்பவரா? அந்த வேலையை உங்கள் உலகத்தில் இப்போது யார் செய்ய முடியும்? நெவரெம்பர் கொடுக்க வேண்டிய வேலையை நகர மேயரான குள்ளர் சோமன் கால்ட் கொடுக்கலாம், கிளர்ச்சியின் தலைவர் கொடுக்கலாம். யாராலும் முடியாது என்றால் அந்தக் காட்சியை வெட்டுங்கள், ஒட்டுப்போடாதீர்கள்.

சில மோதல்கள் வரமாகவும் அமையும். வாட்டர்டீப்பில் நடக்கும் 2018-ஆம் ஆண்டுச் சாகசம், நெவரெம்பர் அந்த நகரத்தில் கையாடிப் பதுக்கிய 5,00,000 பொற்காசுகளைத் தேடுவது பற்றியது. உங்கள் மேஜையில் அவர் நெவர்விண்டரை முன்பே இழந்துவிட்டார். அப்படியானால் அந்தப் பணம் நகரத்தை மீட்கப் புதிய படை திரட்டுவதற்கானது. அதே சாகசம், அதே புதையல், ஆனால் இப்போது தேடுவதற்கு உங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது.

12. எங்கே சறுக்குகிறது

எல்லா மாற்றத்தையும் போராக்குவது பெரும் தவறு. ஒரு சட்டம், ஒரு பாலம், ஒரு கோயிலின் கதவு எல்லோருக்கும் திறப்பது ஆகியவையும் மாற்றம்தான். போர் வந்தால் மற்ற கதைகள் எல்லாம் அதில் அமுங்கிவிடும். ஒரு கேம்பெய்னுக்கு ஒரு போர் போதும்.

மூன்றாம் லெவலில் கடவுளைக் கொல்ல விடுவது இன்னொன்று. அதற்குப் பிறகு தெருவின் தலையெழுத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இருக்காது. தொடக்க லெவல்களில் ஒரு தெரு, ஒரு கிராமம், ஐந்தாம் லெவலுக்கு மேல் நகரம், பத்துக்கு மேல் வட்டாரம் என்று படிப்படியாக விரியட்டும்.

ஒருவரே உலகத்தை மாற்ற, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதும் உண்டு. பதிவேட்டில் ‘செய்தவர்கள்’ வரியைப் புரட்டிப் பாருங்கள். மூன்று பதிவுகளில் ஒரு கேரக்டரின் பெயர் இல்லையென்றால், செஷன் ஜீரோவில் அந்த ஆட்டக்காரர் மாற விரும்பியதாகச் சொன்னது எதுவோ அதை அடுத்த செஷனிலேயே அவர் முன் கொண்டுவந்து வையுங்கள்.

ஆட்டக்காரர்கள் இருவர் எதிரெதிர் மாற்றத்தை விரும்பினால், கேரக்டர்களை மோத விடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி ஆட்டக்காரர்களாகப் பேச விடுங்கள். கேரக்டர்கள் மோதலாம், அதை ரசிக்க இருவருக்கும் சம்மதம் இருந்தால்.

13. அதே உலகத்தில் அடுத்த கேம்பெய்ன்

முடிந்ததும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஆட்டத்தை அதே உலகத்தில், பத்து ஆண்டு கழித்துத் தொடங்குங்கள். பதிவேட்டை எடுத்து ஆட்டக்காரர்களோடு சேர்ந்து உட்காருங்கள். அவர்கள் முக்கியம் என்று சொல்லும் ஐந்து பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள், மற்றவை பின்னணியாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் “பத்து ஆண்டில் இது என்ன ஆனது?” என்று அதைச் செய்த கேரக்டரின் ஆட்டக்காரரையே கேளுங்கள், ஒரு வரியில். அந்த ஐந்து வரிகளைப் புதிய நோட்டின் முதல் பக்கத்தில், வெட்டிய தேதிக்குக் கீழே எழுதுங்கள். மறுபடி இரண்டாம் படியிலிருந்து தொடங்கலாம். இம்முறை அதிகார மையங்களில் ஒன்றாவது பழைய கேரக்டர் ஒருவரின் கையில் இருக்கட்டும், அவருக்கும் மூன்று தூண் எழுதுங்கள்.